அதே வண்டிதானா?

1966ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜினீவா மோட்டார்க் கண்காட்சியில் ஆல்ஃபா ரோமியோ நிறுவனத்தார் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்ததும், சில காலத்திற்குள் டுயெட்டோ என்ற பெயரால் பிரசித்தி பெற்றதுமான அந்த இரண்டு ஆசனத் திறந்த வண்டியை இன்று விலைக்கு வாங்க விரும்புகிறவர், பணத்தையும் பத்திரத்தையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் ஓரமாகக் குனிந்து தடவிப் பார்ப்பது வழக்கம். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் பற்றும். துரு தின்ற பொத்தலைப் பட்டி பூசி வர்ணம் அடித்து மறைத்திருக்கும் இடத்தில் பற்றாமல் நழுவும். அக்காலத்து இத்தாலிய வண்டிகளின் தகடுகளுக்குத் துருவிலிருந்து போதிய பாதுகாப்பு அளிக்கப்படவில்லையாதலால், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் உள்கூடான பகுதியிலும், கால் வைக்கும் தரையிலும், ஸ்டெப்னிச் சக்கரம் வைக்கும் பள்ளத்திலும் ஈரம் தங்கித் தங்கி அவை உள்ளிருந்தே அரிக்கப்பட்டுவிடுகின்றன. கூரையும் இன்றித் தனிச் சட்டமும் இன்றி அமைந்த வண்டியில் கதவடிப் பகுதியிலேதான் பலமெல்லாம் அடங்கியிருக்கிறது. அது உளுத்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, திறந்த கதவு மீண்டும் பொருந்தி மூடாது. இவ்வண்டியின் வடிவம், பத்திஸ்தா பினின்ஃபரீனா என்ற மகாசிற்பி தாம் நேரில் கண்காணித்த கடைசி வடிவங்களில் ஒன்று. அது ஜினீவாவில் அரங்கேறிய அடுத்த மாதமே அவர் காலமானார்.

துருவிலிருந்து மீட்பது என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் மாற்றுவதுதான். அரித்த தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகட்டைப் பற்றவைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது கரகரவென்று முறையிடுவது இந்த வண்டிகளின் கியர்ப் பெட்டிக்குப் பிறவிக் குணம். அதன் உட்பாகங்கள் ஒருமுறையேனும் மாற்றப்பட்டிருக்கும். அலுமினிய எஞ்சினின் தலைப்பாகத்திற்கும் அடிப்பாகத்திற்கும் இடையே எண்ணெய் ஏறும் துவாரங்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் காலத்தால் தளர்ந்து எண்ணெய் கசிய, அவையும் மாறியிருக்கும். துணிக் கூரை, மின்கம்பிகள், ஆசன உறை ஆகியவை அற்பாயுள் படைத்தவை. போதாக்குறைக்கு, 1570 கன சென்டிமீட்டர் கொண்ட மூல எஞ்சின் எப்போதோ ஓய்ந்துபோய், அதே வமிசத்தில் பின்னால் பிறந்த 1779 அல்லது 1962 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்று அந்த இடத்தில் வந்து அமர்ந்திருக்கவும் கூடும். ஒரே குடும்பத்து எஞ்சின்களாதலால் அவை அதிகச் சிரமமின்றிப் பொருந்திவிடுகின்றன. இத்தனையும் நடந்த பிறகு விற்பவர், இது 1966இல் பிறந்த அதே வண்டி என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேட்கிறார். அதே வண்டிதானா என்ற கேள்வி இந்தச் சந்தர்ப்பத்தில் வெறும் வியாபாரக் கேள்வியாகத் தோன்றினாலும், உண்மையில் அது தத்துவ சாஸ்திரத்தின் மிகப் பழைய விசாரங்களில் ஒன்றாகும்.

கிரேக்கர்கள் இதனைத் தீசியஸ் என்னும் வீரனுடைய கப்பலை வைத்துக் கேட்டார்கள். நம்முடைய தேசத்தில் பௌத்தர்கள் கேட்டதோ ஒரு வண்டியை வைத்தே. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்குப் பகுதிகளை ஆண்ட மினாண்டர் என்ற கிரேக்க மன்னனை மிலிந்தன் என்று குறிப்பிட்டு, அவனுக்கும் நாகசேனர் என்ற பிக்ஷுவுக்கும் நடந்த சம்வாதமாகப் பாலி மொழியில் எழுந்த மிலிந்த பஞ்ஹா என்னும் நூலில், ரதம் ஏறி வந்த அரசனைப் பார்த்து நாகசேனர் அந்த ரதம் எது என்று வினவுகிறார். ஏர்க்காலா ரதம்? அச்சா? சக்கரமா? அல்ல, அல்ல என்று அரசன் சொல்லிக்கொண்டே வருகிறான். அவயவங்களெல்லாம் சேர்ந்த குவியலும் ரதமன்று, அவற்றுக்கு வேறாக ரதமென்று ஒன்றும் இல்லை என்று அவனே ஒப்புக்கொண்ட பின்னர், ரதம் என்பது இந்த அவயவங்களைச் சார்ந்து எழுந்த வியவகாரப் பெயர் மட்டுமே என்ற முடிவு பெறப்படுகிறது. நாகசேனருக்கு ரதத்தின்மீது அக்கறை ஏதும் இல்லை. ரதத்தைப் பிரித்துக் காட்டியது போலவே மனிதனையும் பிரித்துக் காட்டி, நான் என்ற அபிமானத்தைத் தளர்த்துவதே அவருடைய நோக்கம்.

ஆனால் நாகசேனர் ரதத்தைப் பிரித்தது சொல்லால். ஒரு பழைய ஆல்ஃபாவைக் கையால் பிரித்து, ஆணி முதல் அச்சு வரை தனித்தனியே கழற்றி, ஒவ்வொன்றிலும் துண்டுச்சீட்டுக் கட்டிப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தவர்களைக் கவனித்தால், அந்தக் காரியத்தால் அவர்களுடைய பற்று தளர்ந்ததாகக் காணோம். முன்னிலும் நூறு மடங்கு இறுகித்தான் போயிருக்கிறது. ஒரு வஸ்து அவயவங்களின் கூட்டமே என்று அறிந்துவிட்டால் அதன்மேல் உள்ள ஆசை தானே உதிர்ந்துவிடும் என்று நினைப்பது அறிவின் சக்தியை மிகையாக மதிப்பதாகும். பிக்ஷுவுக்கு அது உதிர்ந்தது என்றால், அதற்குக் காரணம் அவர் பிக்ஷுவாக இருந்ததே அன்றி ரதத்தின் இலக்கணம் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

பௌத்தரை எதிர்த்து வாதிட்ட நியாய வைசேஷிகர்கள், அவயவங்களுக்கு வேறாக அவயவி என்ற முழுப்பொருள் உண்மையாகவே உண்டு என்று ஸ்தாபித்தார்கள். கேட்பதற்கு இது வண்டி வாங்குகிறவருக்கு அனுகூலமான சித்தாந்தம் போலத் தோன்றும். ஆனால் அதே சித்தாந்தத்தின்படி, துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி நாசமாகி மிச்ச நூல்களால் வேறொரு துணி உற்பத்தியாகிறது. அப்படியானால் ஒரு ரப்பர் வளையத்தை மாற்றியவுடன் பழைய டுயெட்டோ மாண்டு புது டுயெட்டோ பிறந்துவிட வேண்டும். அதே இது என்று நமக்கு உண்டாகும் பிரத்யபிக்ஞைதான் சாட்சி என்று சொன்னாலோ, வெட்டியபின் வளர்ந்த நகத்தைக் கண்டு அதே நகம் என்று மயங்குவதும் உண்டல்லவா என்ற பழைய ஆட்சேபம் குறுக்கே வந்து நிற்கிறது.

சாஸ்திரிகள் தீர்க்காமல் விட்டதை நியாயாதிபதி ஒருவர் தீர்க்க வேண்டி வந்தது. 1929, 1930 ஆகிய இரு வருஷங்களிலும் லெமான் பந்தயத்தில் வென்ற ஒரு பெண்ட்லி வண்டி பிற்காலத்தில் பலமுறை மாற்றி அமைக்கப்பட்டு, வென்ற காலத்து இரும்பு அதில் சொற்பமே மிஞ்சியிருந்த நிலையில் பெருந்தொகைக்கு விலை பேசப்பட்டு, வாங்கச் சம்மதித்தவர்கள் இது அதுவன்று என்று பின்வாங்கியதனால் 1990இல் லண்டன் உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. நியாயாதிபதி ஆட்டன், இடையறாத சரித்திரம் உடையதாதலால் இது அதே வண்டிதான் என்று தீர்ப்பளித்தார். இதற்கு நேர் எதிரான உதாரணம் இத்தாலியில் இருக்கிறது. ஃபெராரி நிறுவனத்தார் 1962 முதல் 1964 வரை 250 ஜிடிஓ என்ற வண்டியில் 36 மட்டுமே செய்தார்கள். அதன் கியாதி பெருகிய பிற்காலத்தில், அதே மரனெல்லோ ஊரில் பிறந்த, நால்வர் அமரும் 250 ஜிடிஇ என்ற சாதுவான வண்டிகள் பலவற்றை அறுத்துக் குறுக்கி, ஜிடிஓவின் உருவத்தை அவற்றின்மேல் போர்த்தி நகல் செய்தார்கள். எஞ்சின் அசல் ஃபெராரி. சட்டம் அசல் ஃபெராரி. காலமும் ஏறக்குறைய அதுவே. இருந்தும் அது ஜிடிஓ அன்று. அந்த நகலுக்காக நல்லதொரு ஜிடிஇ உயிரைவிட்டது என்பதை வாங்குகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பழைய இரும்பு ஏறக்குறைய இல்லாமற் போயும் ஒன்று அதுவாகவே இருக்கிறது. இரும்பு முழுதும் உயர்குலத்ததாக இருந்தும் மற்றொன்று அதுவாக மறுக்கிறது. ஆதலால் ஸ்வரூபத்தை இரும்பிலே தேடுவதில் பயனில்லை என்பது தெளிவு.

எண்ணிலே தேடலாமா என்றால், அதுவும் சங்கடமே. ஒவ்வொரு வண்டியின் உடலிலும் எஞ்சினிலும் எண் பொறித்திருக்கிறார்கள். மிலான் நகருக்கு அருகில் அரேஸேயிலுள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவணக் காப்பகத்தார், தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பார்த்து, இன்ன எண்ணுடைய வண்டி இன்ன தேதியில் இன்ன வர்ணத்தில் வெளிவந்தது என்று அத்தாட்சி தருகிறார்கள். பதிவேடு பொய் சொல்லாது. ஆனால் எண்ணைச் சுரண்டி வேறு எண்ணைப் பொறிக்க ஓர் உளியும் சிறிது மனத்துணிவும் போதும். ஒரே எண்ணைச் சொந்தம் கொண்டாடும் இரண்டு வண்டிகள் தோன்றி, ஒன்றில் மூலத் தகடும் மற்றொன்றில் மூல எஞ்சினும் இருந்தால், எந்த எண்ணும் நமக்கு வழிகாட்டப் போவதில்லை.

ஆகமங்களில் ஜீரணோத்தாரணம் என்ற விதி ஒன்று உண்டு. பழுதுபட்ட கோயிலைப் பிரித்துத் திருப்பணி செய்யுமுன் தெய்வ சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாஹனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பணி முடிந்தபின் மீண்டும் மூலஸ்தானத்தில் சேர்க்கிறார்கள். கோயில் கல்லும் சுண்ணாம்புமாகப் பிரிந்து கிடக்கும் மாதங்களில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆகமம் திட்டமாக ஓர் இடத்தைக் காட்டுகிறது. பிரித்துப் போட்ட வண்டிக்கும் இதே கேள்வி உண்டு. அதற்கும் விடை உண்டு என்றே நான் கருதுகிறேன். தகடு ஒரு பட்டறையிலும், எஞ்சின் வேறொரு பட்டறையிலும், ஜன்னல் ரப்பர்கள் ஒரு தகரப்பெட்டியிலுமாகச் சிதறிக் கிடக்கும் காலத்தில், அந்த வண்டி முழுமையாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: அதைப் பிரித்தவருடைய சித்தம். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது, எந்த வளைவு பிற்காலத்து விபத்தில் ஒடுங்கியது, எது பினின்ஃபரீனாவின் கோடு, எது கவனமற்ற தகரக்காரரின் கோடு என்ற ஞானமும், அதை இருந்தபடியே திரும்ப நிறுத்துவேன் என்ற சங்கல்பமும் அவரிடத்தில்தான் இருக்கின்றன. அவர் பாதியில் காலமாகி, பெட்டிகளை வாரிசுகள் விற்றுவிடும் துர்ப்பாக்கியம் இந்த உலகத்தில் அடிக்கடி நேர்கிறது. வாங்குகிறவருக்கு உறுப்புகள் ஒன்றுகூடக் குறையாமல் கிடைக்கலாம், வண்டி கிடைப்பதில்லை. அவர் தம் சிரத்தையால் அதனை மீண்டும் அறிந்து, தாமும் அதே சங்கல்பத்தைச் செய்துகொண்டால்தான் உண்டு.

ஆகவே, அதே வண்டி என்பது உலகத்தில் கிடந்து நாம் கண்டெடுக்கும் ஓர் உண்மை என்பதைவிட, ஒருவர்பின் ஒருவராக ஏற்றுக்கொள்ளும் ஒரு கடன் என்று கொள்வதே பொருந்தும். பெண்ட்லி வழக்கில் நியாயாதிபதி கண்ட இடையறாத சரித்திரத்தில் இந்தக் கடனுக்கும் ஒரு பங்கு உண்டு. நகல் ஜிடிஓவில் இல்லாமற் போனதும் இதுவே, அதன் இரும்பு கடன்பட்டிருந்தது வேறொரு வண்டிக்கு. எண்ணை மாற்றிப் பொறித்தவன் செய்த பாவமும் கடன் மாறிப் பத்திரம் எழுதியதே. பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், கூடியவரை பழையதைக் காக்கும்படியும், மாற்றவேண்டி வந்தால் புதிய பாகம் புதியதென்று பின்னால் வருகிறவர் கண்டுகொள்ளும்படி அடையாளம் இடும்படியும், செய்த வேலையை எழுதி வைக்கும்படியும் சொல்கிறது. எழுதியவர்கள் எஞ்சினியர்களும் சேகரிப்பாளர்களும்தான். படிக்கும்போது தர்ம சாஸ்திரம் போல இருக்கிறது. ஒரே எண்ணுக்கு இருவர் உரிமை கொண்டாடும் விவகாரத்தை இந்தக் கொள்கை முற்றும் தீர்க்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இருவரும் உண்மையைச் சொன்னால் விவகாரத்தின் நஞ்சு இறங்கிவிடும், அவ்வளவே.

கடன் என்று சொன்னதும், பூட்டிய கொட்டகையில் திரையிட்டு, விலை ஏறும்வரை தொடாமல் வைத்திருப்பவர்கள் தாங்களே உத்தமப் பரிபாலகர்கள் என்று எண்ணிக்கொள்ளக் கூடும். வண்டி அவர்களுக்கு விரோதமாகச் சாட்சி சொல்கிறது. ஓடாத வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் பிசினாகிறது; பிரேக்கு உருளைகள் இறுகுகின்றன; எண்ணெயில் நனையாத கசிவுத் தடுப்பு வளையங்கள் உலர்ந்து வெடிக்கின்றன; டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாகின்றன. ஓடுவதற்கென்று பிறந்ததை ஓட்டாமல் காப்பது, காப்பதன் பெயரால் மெல்லக் கொல்வதே. ஓட்டுவதிலும் ஒரு நெறி இருக்கிறது: எண்ணெய் சூடேறும்வரை எஞ்சினை விரட்டாமல், முன்சொன்ன இரண்டாவது கியரை வற்புறுத்தாமல், அதன் வயதுக்குரிய மரியாதையுடன் ஓட்ட வேண்டும். என்னுடையது என்ற மமகாரம் இதில் அறவே அழிந்துவிடுகிறது என்று சொல்வது பாசாங்காகும். ஆனாலும், தமக்கு முன் நாலைந்து பேரும் தமக்குப் பின் சிலரும் இதே சக்கரத்தைப் பிடிப்பார்கள் என்று அறிந்தவருடைய மமகாரம் சற்று அடக்கமாகவே நடந்துகொள்கிறது.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கடன்பட்டது எந்த வண்டிக்கு? தொழிற்சாலை வாயிலைக் கடந்த அன்றைய வண்டிக்கா, அதன்பின் அது வாழ்ந்த வாழ்வு முழுமைக்குமா? வெள்ளையாக வெளிவந்ததென்று அரேஸேப் பதிவேடு சொல்லும் ஒரு டுயெட்டோ, இத்தாலிய வண்டி என்றால் சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிய ஒருவரால் 1970களில் சிவப்பாக்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். பிறந்த நாளைத் தவிர மற்ற நாட்களை அழித்துவிடத் துடிக்கும் வைதிகர்கள் உடனே சுரண்டத் தொடங்குவார்கள். என் அபிப்பிராயம் வேறு. சிவப்பு நல்ல நிலையில் இருக்குமட்டும் அதைத் தொடக்கூடாது. பிழையேயானாலும் அதுவும் இந்த வண்டிக்கு நேர்ந்தது. துருவைக் களைய எப்படியும் வர்ணம் முழுவதையும் எடுத்தாக வேண்டிய காலம் வரும்போது வெள்ளைக்குத் திரும்பலாம், சிவப்பின் ஒரு சிறு பகுதியை டிக்கியின் உட்புறத்தில் விட்டுவைத்து, ஏன் விட்டுவைத்தோம் என்பதையும் ரசீதுகளோடு சேர்த்து எழுதி வைத்துவிட்டு.