தொண்டை ஓர் அமானிதம்



மனிதனுக்கு இரு கண்களையும் ஒரு நாவையும் இரு உதடுகளையும் கொடுத்ததை அல்லாஹுத் தஆலா ‘அல்பலத்’ சூறாவிலே நினைவூட்டுகிறான். நாவுக்குப் பின்னால் இருக்கும் தொண்டையும் அவன் தந்த நிஃமத்தன்றோ? பாங்கு சொல்வதும், குர்ஆன் ஓதுவதும், வாடிக்கைக்காரரோடு விலை பேசுவதும் அதனால்தான் நடக்கின்றன.

தொண்டைப் புற்றுநோய் விதிப்படி வருவது, நம் கையில் என்ன இருக்கிறது என்று சொல்வாருண்டு. விதியை நம்பியவர்கள்தாம் நாம். ஆயினும் விதியென்று சொல்லிக் கடைக்குப் பூட்டுப் போடாமல் வீட்டுக்குப் போகிறவர் நம்மில் யார்? காரணங்களையும் அல்லாஹ்வே படைத்தான். இந்நோய்க்குத் தலையாய காரணம் புகையிலை. சிகரெட்டோ, பீடியோ, சுருட்டோ, புகை தொண்டையையும் குரல்வளையையும் தொட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்குகிறது. அங்குள்ள மெல்லிய தோல் நாள்தோறும் புண்பட்டு, பல வருஷங்களில் கெட்டுப் புற்றாக மாறுகிறது. மதுவும் ஒரு காரணம். புகையோடு அதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

வெற்றிலைப் பாக்கைப் பற்றி மட்டும் நம்மவர் வாய் திறப்பதில்லை. கல்யாண வீட்டில் தட்டில் வைக்கிற பொருளாயிற்றே! உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட நூலில், புகையிலை சேர்ந்த வெற்றிலை வாய்க்கும் தொண்டைக்கும் உணவுக்குழலுக்கும் புற்று உண்டாக்கும் என்றும், புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுக்குக் காரணமே என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமியாலும் அடிநாக்கிலும் டான்சிலிலும் இந்நோய் வரும். அஸ்பெஸ்டாஸ் தூசியும் குரல்வளைக்குப் பகை. ஆகவே புகையைத் தொடாதவருக்கும் இது வரலாம். படுக்கையில் கிடப்பவரிடம் போய், ‘என்ன பாவம் செய்தாயோ’ என்று கேட்பது மூமினுக்கு அழகல்ல.

சிகரெட் மக்றூஹ்தானே என்பார் சிலர். முன்னோரான ஆலிம்கள் பலர் அவ்வளவில் நிறுத்தியது மெய்தான். அதன் கேடு இவ்வளவு என்று அன்று தெரியவில்லை. தெரிந்த பிறகு, 1995-ல் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம் புகைப்பதை ஹறாம் என்றே தீர்ப்புச் சொன்னது.

இனி நம் கடைக்கு வருவோம். 2019 ஜனவரி முதல் மலேசியாவில் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை வந்தது. 2025 ஏப்ரல் முதல் சிகரெட்டைக் கடையில் பார்வைக்கு வைக்கவும் தடை வந்தது. அலமாரியை மூடு என்பது சர்க்கார் சட்டம். மூடிய அலமாரிக்குள் அந்தச் சரக்கு இருக்கலாமா என்பது நம் ஈமானைச் சேர்ந்த கேள்வி. சிகரெட் வாங்க வருகிறவன் ரொட்டியும் பாலும் வாங்குவான், நிறுத்தினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்கிறார்கள். வாஸ்தவம், வரவு குறையத்தான் செய்யும். தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. வரவு குறையாத வரைதான் அது நம்மைக் கட்டுப்படுத்தும் என்று யார் சொன்னது? கடைப்பையனுக்குச் சம்பளத்தோடு சிகரெட்டுப் பெட்டியும் கொடுப்பதைத் தாராளம் என்று எண்ணும் முதலாளிகளும் இதைச் சிந்திக்கட்டும். இன்று விட்டவருக்கும் லாபமுண்டு. ஐந்து முதல் பத்து வருஷங்களில் தொண்டை, குரல்வளைப் புற்றின் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகிறது.

குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், விழுங்கும்போது வலித்தாலும், கழுத்தில் கட்டி தெரிந்தாலும் இஞ்சியும் தேனும் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தலாகாது. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் குரல்வளைப் புற்றைக் கதிர்ச் சிகிச்சையால் குணப்படுத்தி, பெரும்பாலும் குரலையும் காப்பாற்றுகிறார்கள். முற்றிவிட்டால் குரல்வளையையே எடுத்துவிட்டு, கழுத்தில் துளையிட்டு அதன் வழியாக மூச்சுவிடச் செய்ய நேரும். கடையை யார் பார்ப்பது என்று தள்ளிப் போடுகிறவர்களே நம்மில் மிகுதி. காது மூக்குத் தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிஷங்கள்தான் ஆகும். அதற்காகக் கடை அரை நாள் மூடிக் கிடக்கட்டும்.