பாகன் நாராயணனின் குரல்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் தட்சிணேசுவரத்தில் கூறிய யானை நாராயணன் கதையை அன்பர்கள் அறிவார்கள். எல்லாம் நாராயணனே என்று குருவிடம் கேட்ட சீடன் ஒருவன், மதம்கொண்டு வரும் யானையின் எதிரே விலகாமல் நிற்கிறான். பாகன் உரக்கக் கூவி எச்சரித்தும் அவன் செவிசாய்க்கவில்லை. யானை அவனைத் தூக்கி எறிந்துவிடுகிறது. யானையை நாராயணனாகக் கண்டவன், பாகனையும் நாராயணனாகக் கண்டு அவன் சொல்லைக் கேட்டிருக்க வேண்டாமா என்பதே குருவின் கேள்வி.

தனிமனிதனின் விவேகத்தைப் பற்றிய கதை இது. ஆயினும், இயற்கையைக் காக்க முனையும் ஒரு சமுதாயமும் தன்னை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதில் உள்ளது.

தட்சிணேசுவரப் படித்துறையைத் தொட்டு, கொல்கத்தாவைக் கடந்து செல்லும் கங்கை கடலோடு கலக்கும் பகுதியை ஒட்டி விரிந்திருப்பது சுந்தரவனம். அலையாத்திக் காடுகளும் உப்பு நீரோடைகளும் பின்னிக் கிடக்கும் இந்நிலப்பரப்பின் இந்தியப் பகுதியில் 102 தீவுகள் உள்ளன. அவற்றுள் 54 தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள். 1973-இல் இங்கு புலிகள் காப்பகம் அமைந்தது. 1984-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1987-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது. இன்று சுமார் நூறு புலிகள் இங்கு வாழ்கின்றன. காட்டின் மையப் பகுதியில் மீன்பிடிக்கவோ தேன் எடுக்கவோ எவருக்கும் அனுமதியில்லை.

இந்தத் தடை அவசியமானதே. அலையாத்தி வேர்களின் நிழலில்தான் மீனும் இறாலும் நண்டும் குஞ்சுகளாய் வளர்கின்றன. அந்த நாற்றங்கால் அழிந்தால் மீனவரின் வலையே வெறுமையாகும். ஆனால் தீவுகளில் வாழும் ஏழைக்கு வேறு வழி என்ன? புயலில் கரை உடைந்து உப்புநீர் புகுந்த வயலில் நெல் விளைவதில்லை. வெளிப்பகுதியில் மீன்பிடிக்க வழங்கப்படும் அனுமதிச் சீட்டுகளோ குறைவு. நண்டைத் தேடி ஓடை ஓடையாகச் செல்பவன், தடை செய்யப்பட்ட எல்லையைக் கடந்துவிடுகிறான். சில நாட்களில் படகு திரும்புகிறது, அவன் திரும்புவதில்லை. புலியிடம் கணவனை இழந்த பெண்களை அங்கே ‘பாக் பிதவா’, அதாவது புலி விதவை, என்றே அழைக்கிறார்கள்.

அவன் சென்ற இடம் தடை செய்யப்பட்டது என்பதையே காரணமாகக் காட்டி அத்தகைய பெண்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டதுண்டு. அப்படி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 2023-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், இறந்தவர் மையப் பகுதிக்குள் சென்றிருந்தாலும் மனைவிக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. கணவன் விதியை மீறியதற்காக மனைவியின் பசி நியாயமாகிவிடாது.

இங்கே ஓர் அடிப்படை உண்மையைச் சிந்திக்க வேண்டும். ஒருவன் தானே மனமுவந்து ஏற்பதுதான் தியாகம். பிறர்மீது சுமத்தப்படும் இழப்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 2009-இல் ஐலா புயலும் 2020-இல் அம்பான் புயலும் வீசியபோது, கடலின் சீற்றத்தை முதலில் தாங்கியவை அலையாத்திக் காடுகளும் தீவுகளும்தாம். அந்தக் காடு காக்கப்படுவதன் பயன் கொல்கத்தாவுக்கும் கிடைக்கிறது. அங்கே பிடிபடும் நண்டு நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. பயன் பலருக்கு, இழப்பு மட்டும் ஏழைக்கு என்றால், அது தர்மமாகுமா?

‘மீனவனும் நாராயணன் என்றால், அவன் விரும்பியபடியெல்லாம் செய்ய விட்டுவிடலாமா?’ என்று சிலர் கேட்கலாம். அவ்வாறன்று. கட்டுப்பாடு என்பது தீவு மக்களுக்குப் புதியதன்று. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் போன்பீபி அவர்களுடைய காட்டின் அன்னை. தேனுக்கும் மெழுகுக்கும் ஆசைப்பட்ட உறவினன், துக்கே என்னும் ஏழைச் சிறுவனைப் புலி வடிவினனான தட்சிணராய்க்குப் பலியாக விட்டுச் செல்ல, அன்னை அவனைக் காத்தாள் என்பது அவர்கள் பாடும் கதை. தூய மனத்தோடு காட்டில் நுழைய வேண்டும், தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அதிலிருந்து அவர்கள் பெற்ற நெறி. பேராசையைக் குற்றமென்று அறிந்தவர்களிடம் காவல் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள ஏன் தயங்க வேண்டும்?

அந்தப் பகிர்வு ஓரளவு தொடங்கியும் இருக்கிறது. வனத்துறையும் கிராம வனக் குழுக்களும் சேர்ந்து, காவலுள்ள வன முகாம்களில் தேனீப் பெட்டிகளை வைத்துத் தேன் எடுக்கின்றன. உயிரைப் பணயம் வைத்து அடர்காட்டில் அலைய வேண்டிய நிலை அதனால் சிலருக்கேனும் குறைகிறது. தமிழகத்தின் மன்னார் வளைகுடாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1986-இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், பாசி மீண்டும் வளர வேண்டும் என்பதற்காக, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவதெனத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டார்கள். கலந்து பேசி ஏற்ற கட்டுப்பாட்டை மனிதன் தன் விரதமாகவே காக்கிறான்.

சிவஞானத்தோடு ஜீவசேவை என்ற ஸ்ரீராமகிருஷ்ணரின் உபதேசத்தில் புலிக்கும் இடமுண்டு, மீனவனுக்கும் இடமுண்டு. காட்டை அறிந்தவன் குரல் கொடுக்கும்போது நின்று கேட்பதும், காவலின் சுமையில் நமக்குரிய பங்கை ஏற்பதும் அந்தச் சேவையின் தொடக்கம். பாகன் நாராயணன் இன்றும் கூவிக்கொண்டுதான் இருக்கிறான்.