ஒரே ஓடையின் இரு கரைகள்

தேர்தலிலும் வணிகத்திலும் விளையாட்டிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஆங்கிலச் சொல் 'ரைவல்'. வீழ்த்தப்பட வேண்டிய ஒருவரையே அது நம் கண்முன் நிறுத்துகிறது. ஆயினும், அச்சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் நாம் சென்றடைவது போர்க்களத்தை அன்று, ஒரு நீரோடையை.

இலத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையிலிருந்து தத்தம் நிலங்களுக்கு நீர் பாய்ச்சுவோர் 'ரீவாலேஸ்' எனப்பட்டனர். கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உரோமைச் சட்ட அறிஞர் உல்பியான், இத்தகையோரிடையே எழும் தண்ணீர் வழக்கைப் பற்றி எழுதியுள்ளார். பேரரசர் ஜஸ்டினியன் 533-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் அக்குறிப்பைக் காணலாம். பங்கு இருந்த இடத்திலேயே பகையும் முளைத்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

ஆனால், பங்கு பகையாகத்தான் முடிய வேண்டுமா? உல்பியானுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு பிளௌத்துஸ் எழுதிய நாடகமொன்றில், ஒரே பெண்ணை விரும்பும் அடிமைகள் இருவர் இச்சொல்லால் தங்களை அழைத்துக்கொள்கின்றனர். எனினும் அவர்கள் சண்டையிடவில்லை. கூடி விருந்துண்டு மகிழ்கின்றனர். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்திலும், இரவுக் காவலில் தன்னோடு பங்குகொள்ளும் தோழர்களை ஒரு காவலன் இச்சொல்லாலேயே குறிக்கிறான். அப்பொருள் இன்று வழக்கிழந்துவிட்டது. பகைப் பொருளே எஞ்சி நிற்கிறது.

இதைக் கேட்டு நாம் வியப்பதற்கில்லை. நம் மொழியில் 'பங்காளி' என்னும் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்ததன்றோ? பங்குடையவன் என்பதே அதன் நேர்பொருள். ஆனால் 'பங்காளிச் சண்டை' என்ற தொடர் அறியாத ஊர் உண்டா?

கோடையில் ஓடை வற்றும்போது நீர் எல்லாருக்கும் போதாது என்பது உண்மையே. அப்போது முறை வைத்து நீரைப் பங்கிடச் சட்டம் துணைநிற்கும். ஆனால், யாரும் காணாத நள்ளிரவில், தன் முறை முடிந்ததும் மடையை அடைக்கும் மனத்தைச் சட்டம் தர இயலாது. அக்கரையில் நிற்பவனுக்கும் பயிர் உண்டு, பிள்ளைகள் உண்டு என்று எண்ணுபவனிடமே அம்மனம் பிறக்கிறது.

நமக்கு முற்றிலும் அந்நியனானவன் நம் எதிரியாவது அரிது. நாம் விரும்புவதையே விரும்புகிறவனும், நம்மைப் போலவே தாகம் உடையவனுமே எதிரியாகிறான். அவனை அடுத்த முறை காணும்போது, நமக்கிடையே ஓடும் நீரையும் சற்றே நோக்குவோம். அது நம்மைப் பிரிப்பதற்கு முன்பே நம்மை இணைத்திருந்தது.