தீயில் பிறந்த சேய்

விராலிமலைக் குன்றின்மேல் வள்ளி தெய்வயானையோடு மயில்மீது வீற்றிருக்கும் ஆறுமுகப் பெருமான் நெருப்பில் பிறந்தவர். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சிவபெருமானின் நெற்றிக்கண்களிலிருந்து ஆறு பொறிகள் எழுகின்றன. வெம்மை தாளாமல் தேவர்கள் சிதறி ஓடுகிறார்கள். வாயுவும் அக்கினியும் பொறிகளைச் சுமந்துபோய்க் கங்கையில் விடுகிறார்கள். கங்கையாலும் தாங்க முடியவில்லை. சரவணப் பொய்கையை அடைந்த பிறகே அவை ஆறு குழந்தைகளாகின்றன. அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பரிபாடலில் கதை வேறு விதம்: முனிவர்கள் வேள்வித்தீயில் இட்ட கருவை, அருந்ததி நீங்கலாக அவர்களின் மனைவியர் அறுவர் உண்டு சூல் கொள்கிறார்கள். இரண்டிலும் தீ, தாங்கிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேடி அலைகிறது. அந்த இடம் கிடைத்ததும் குழந்தையாகிறது. அகவாழ்வில் தீ என்ன பொருள் தருகிறது என்பதற்கு இதைவிடச் செறிவான விளக்கம் அரிது.

ரிக் வேதம் அக்கினியைப் போற்றியே தொடங்குகிறது. அங்கே தீ ஒரு தூதன். மனிதர் இடும் அவியைத் தேவர்களிடம் சேர்ப்பவன். சாந்தோக்கிய உபநிடதம் இந்த வேள்வியை உடலுக்குள் கொண்டுவந்து, உண்ணும் உணவையே பிராணனுக்கு இடும் ஆகுதியாக்கியது. புத்தர் நேர் எதிர்த் திசையில் சென்றார். முன்பு தீ வளர்த்து வழிபட்ட சடிலத் துறவிகளுக்குக் கயாவில் அவர் உபதேசித்தது, கண்ணும் செவியும் மனமும் ஆசை, வெறுப்பு, மயக்கம் என்னும் தீயால் எரிகின்றன என்பது. அவிப்பதே அங்கே விடுதலை.

தமிழ்ச் சைவம் அவிக்கச் சொல்லவில்லை, ஏற்றச் சொன்னது. நடராசரின் கையிலுள்ள தீ சங்காரத்தைக் குறிக்கும். அதில் எரிவது உயிர் அன்று, உயிரைப் பிணித்த மலங்களே என்பது சித்தாந்தத்தின் துணிபு. உடலை வீடாகவும் உள்ளத்தை அகலாகவும் உயிரைத் திரியாகவும் கொண்டு ஞான விளக்கேற்றும் வழியை அப்பர் பாடினார். ஆழ்வார்களில் பூதத்தாழ்வார் அன்பை அகலாக்கினார். விவிலியத்தில் மோசே கண்ட முட்செடியும் எரிந்தது, ஆனால் கருகவில்லை. இறைமையின் தீ எரித்தும் அழிக்காது என்ற உணர்வு பல சமயங்களுக்குப் பொது. வள்ளலார் 1872-இல் வடலூரில் நிறுவிய சத்திய ஞான சபையில் வழிபடப்படுவதும் சோதியே. அதை மறைக்கும் ஏழு திரைகளை அறியாமையின் படிகளாகக் கொள்வர்.

அக்கினித் தலமான திருவண்ணாமலையிலிருந்து வந்த அருணகிரிநாதர், விராலிமலையில் முருகனிடம் அட்டமாசித்திகளைப் பெற்றார் என்பது மரபு. அவருடைய திருப்புகழில் மூலாதாரக் கனலை எழுப்பும் யோகம் அடிக்கடி வருகிறது. ஆனால் அந்தக் கனல் பக்தியின் கண்ணீரோடு சேர்ந்தே வருவதைக் கவனிக்க வேண்டும். பொறி பொய்கையைச் சேர்ந்த கதை உள்ளத்திலும் நிகழ்கிறது. தவத்தின் வெம்மை மட்டும் இருந்தால் கங்கையும் தாங்காது.

விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு படைப்பது வழக்கம். மழையில் ஆற்றைக் கடக்க முடியாமல் குளிரில் நடுங்கிய கருப்பமுத்து என்ற பக்தரிடம் முருகனே ஆள் வடிவில் வந்தார். இருவருக்கும் இடையே சுருட்டு கைமாறியது. பிறகு அது சன்னிதியிலும் காணப்பட்டது என்பது ஊர்க்கதை. சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். இதை வினோதமாகக் கருதி ஒதுக்குவது தவறு. தேவர்களை விரட்டிய அதே நெருப்பு இங்கே நனைந்த ஒருவனின் குளிரைப் போக்கும் அளவுக்குச் சிறுத்திருக்கிறது. வேள்விச்சாலையோ மந்திரமோ தேவைப்படவில்லை, பக்தன் தன்னிடம் இருந்ததைத் தந்தான், அது அவியாக ஏற்கப்பட்டது.