பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை

 

 

இம்மாதம் நம் மஹல்லாக்களில் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்படும் சில பிள்ளைகளைப் பற்றியும், அவர்களைப் பெற்றவர்கள் படும் பாட்டைப் பற்றியும் எழுத வந்திருக்கிறோம். அதற்கு முன் நம் மீதே உள்ள ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் நாம் இமாமத் செய்து கொண்டிருந்தோம். ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு தாய் இரண்டரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் வாப்பா துபாயில் இருந்தார். "ஹஜ்ரத், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். ஒன்றரை வயசில 'உம்மா'ன்னு சொன்னவன், இப்ப அதையும் சொல்றதில்ல. நாள் பூரா சுத்துற காத்தாடியையே பார்த்துக்கிட்டுக் கிடக்கிறான். என்னமோ பிடிச்சிருக்குன்னு மாமி சொல்றாங்க" என்றார்.

நாம் என்ன செய்தோம்? ஓதி ஊதினோம். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். "ஜின்னுடைய தொந்தரவாக இருக்கலாம், நாற்பது நாள் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது நாள் நூறு நாளாயிற்று. பிறகு ஒரு தர்கா, அதன் பிறகு வேறோர் ஊரில் தகடு, தாயத்து என்று இரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. வாப்பா அனுப்பிய பணமும் கரைந்தது. கடைசியில் அங்கன்வாடிக்கு வந்த ஒரு செவிலியர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, கடலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே மருத்துவர், "இது ஆட்டிசம். இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருக்கலாமே, அம்மா" என்றாராம்.

இதை நம்மிடம் வந்து சொன்னபோது அந்தத் தாய் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அந்த இரண்டு வருடத்துக்கு மஹ்ஷரில் நம்மிடம் கேள்வி உண்டு என்ற அச்சத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

ஆட்டிசம் என்பது என்ன?

தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். 1943ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே உலகம் இதைப் பரவலாக அறிந்தது. இது தொற்றுநோய் அல்ல. பைத்தியமும் அல்ல. மூளையின் வளர்ச்சியில் ஆரம்பத்திலேயே அமைந்துவிடுகிற ஒரு மாறுபாடு. இப்பிள்ளைகளுக்குப் பிறரோடு பேசிப் பழகுவது கடினமாயிருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஓசை, ஒளி, தொடுகை ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கும். சிலர் நன்றாகப் படித்து வேலைக்கும் போகிறார்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும் துணை வேண்டியிருக்கிறது.

2021ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாலாயிரம் பேர் வாழும் ஒரு மஹல்லாவில் இந்தக் கணக்குப்படி முப்பது பேர் இருக்கக்கூடும். அந்த முப்பது பேரை நாம் பள்ளிவாசலில் கண்டதுண்டா? கலியாண விருந்தில் கண்டதுண்டா? எங்கே போனார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

தாய்மார்கள் சில அடையாளங்களை மனதில் கொள்ளட்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை. இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. பேசிய பேச்சை இழந்துவிடுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் என்று ஆகிவிடாது. காது கேளாமையாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்? ஆட்டிசமுள்ள பிள்ளைக்குப் பின் பிறக்கும் தம்பி தங்கையரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருப்பதாக 2024ல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே அவர்களையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கவனித்து வர வேண்டும்.

தாயின் மீது பழி போடாதீர்கள்

நம் வீடுகளில் இப்படியொரு பிள்ளை பிறந்துவிட்டால் முதல் விரல் தாயை நோக்கித்தான் நீளுகிறது. "இவள் கர்ப்பத்தில் மஃரிப் நேரத்தில் வெளியே போனாள்", "இவள் வழியில் வந்த குறை" என்பார்கள். படித்தவர் நாட்டிலும் இந்த அநியாயம் நடந்தது. தாயின் அன்பு குறைந்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் பேசினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ல் ஒரு நூலே எழுதினார். எத்தனை தாய்மார்கள் கண்ணீர் வடித்திருப்பார்கள்! 1977ல் லண்டனில் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இதில் பெரும் பங்கு பிறவி அமைப்புக்கே என்பதை அது காட்டியது. அதன் பின் வந்த ஆய்வுகள் அதை மேலும் உறுதிப்படுத்தின.

பிறகு தடுப்பூசி மீது பழி வந்தது. 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையை நம்பிப் பலர் தட்டம்மைத் தடுப்பூசியைக் கைவிட்டார்கள். 2010ல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று தெரிந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே, கர்ப்பிணிகள் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை மீது பழி சொன்னார். ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு 2024ல் வெளிவந்த ஆய்வோ, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அத்தகைய தொடர்பு இல்லை என்று கண்டிருந்தது.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு அருள்மறை நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு இழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. செல்போனில் வந்ததையெல்லாம் நம்பி வீட்டுப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

துஆவும் மருந்தும்

"அப்படியானால் ஹஜ்ரத் ஜின்னை மறுக்கிறாரா?" என்று சிலர் கேட்கலாம். ஜின் உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. ஆனால் இந்தப் பிள்ளையை ஜின் பிடித்திருக்கிறது என்று நமக்கு அறிவித்தது யார்? தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல் சொல்வது ஆலிமுக்கு அழகா? மருத்துவம் செய்து கொள்ளும்படி ஏவியவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றுக் கொடுத்தவர்களும் அவர்களே. பிள்ளைக்காக ஓதுங்கள், அழுது துஆச் செய்யுங்கள். அதே கையோடு மருத்துவமனைச் சீட்டையும் எடுத்துக் கொள்ளுங்கள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் நடந்ததை மறந்துவிட முடியுமா? மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியின்றி மாண்டார்கள். அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாமே? பின்னர் அரசு, துஆவோடு மருந்தும் என்ற முறையில் தர்காவுக்கு வருவோருக்கு அங்கேயே மனநல மருத்துவம் கிடைக்க ஏற்பாடு செய்தது. அந்த அறிவு நமக்கு 28 உயிர்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஸ்டெம்செல் ஊசி போட்டால் சரியாகும் என்று லட்சக்கணக்கில் கேட்போர் உண்டு. ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. தகட்டுக்காரரிடம் ஏமாறுவதும் ஊசிக்காரரிடம் ஏமாறுவதும் ஒன்றுதான்.

பயன் தருவது பயிற்சியே. பேச்சுப் பயிற்சி, கை கால் புலன்களுக்கான பயிற்சி, பெற்றோரே வீட்டில் அளிக்கும் பயிற்சி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2016ல் வெளியானது. அங்கே பெரிய நிபுணர்கள் வீட்டுக்கு வரவில்லை. பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வந்தார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதையே தானும் பார்த்து, அது காட்டும் சிறு சைகைக்கும் காத்திருந்து பதில் சொல்லப் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பேசலானார்கள். பிள்ளைகளும் தாமாக முன்வந்து தொடர்பு கொள்வது கூடியது. ராவல்பிண்டித் தாய்க்கு முடிந்தது நம் பரங்கிப்பேட்டைத் தாய்க்கும் லால்பேட்டைத் தாய்க்கும் முடியாதா?

பள்ளிவாசலின் கதவு

அந்தச் சிறுவனை அவன் வாப்பா விடுமுறையில் வந்தபோது ஜும்ஆவுக்கு அழைத்து வந்தார். ஒலிபெருக்கி அலறியதும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "இதையெல்லாம் ஏன் பள்ளிக்குக் கொண்டு வர்றீங்க?" என்று ஒருவர் அதட்டினார். வாப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர், அந்த விடுமுறை முழுதும் ஜும்ஆவுக்கு வரவில்லை.

நம் நாயகத்தின் பள்ளிவாசல் எப்படி இருந்தது? ஒரு கிராமத்து அரபி பள்ளிக்குள்ளேயே சிறுநீர் கழிக்கலானார். தோழர்கள் பாய்ந்தபோது, அவரை இடையில் தடுக்க வேண்டாம் என்று கூறி, பின்னர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). தம் பேத்தி உமாமாவைச் சுமந்து கொண்டே தொழுதார்கள். தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள்.

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுகிறது. அறிவில் ஏதோ ஒரு குறையுடைய ஒரு பெண்மணி, தமக்கொரு தேவை இருப்பதாக நாயகத்திடம் வந்தார். எந்தத் தெருவை விரும்புகிறாயோ அதைச் சொல், உன் தேவையை நிறைவேற்றித் தருகிறேன் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். அப்படியே வழியோரத்தில் அவரோடு தனித்து நின்று, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டார்கள். உம்மத்தின் தலைவருக்கு அதற்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

ஆகவே ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இப்பிள்ளைகளுக்கென்று ஒலிபெருக்கியிலிருந்து விலகிய ஒரு மூலையை ஒதுக்குங்கள். கூட்டமில்லாத வக்தில் அழைத்து வந்து இடத்தைப் பழக்கச் சொல்லுங்கள். மதரஸா உஸ்தாதுமார்கள் அடிக்காமல், படம் காட்டி, ஒவ்வொரு செயலாக உளூவைச் சொல்லிக் கொடுக்கட்டும். ஏழைக் குடும்பமாயின் பயிற்சிச் செலவுக்கு ஜகாத்திலிருந்து உதவுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நன்மை தீமை அறியும் அறிவு இல்லாதவர் மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. அறிவு உள்ளவர் மீது, பருவமடைந்தபின், அவர் சக்திக்கு ஏற்பக் கடமை உண்டு. ஆட்டிசம் என்ற பெயரைக் கேட்டதுமே எல்லோருக்கும் ஒரே ஃபத்வாக் கொடுத்துவிடலாகாது. பிள்ளையை அறிந்த மருத்துவரிடமும் விவரம் கேட்டே ஆலிம்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நமக்குப் பின் யார்?

இத்தகைய பெற்றோர் இரவில் தூங்காமல் கேட்கும் கேள்வி இது ஒன்றே. நிர்வகிக்கத் தெரியாதவர் கையில் சொத்தை ஒப்படைக்காமல், அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, அன்பாகப் பேசி வரும்படி ஸூரத்துன்னிஸா கற்பிக்கிறது. நாட்டின் சட்டத்திலும் வழி உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயதான பின்னும் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழுவிடம் மனுச் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக் கொண்டிருக்கிறது.

சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவமனையாக இருந்து இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாகிவிட்ட இடத்தில், குழந்தை மருத்துவரும் மனநல மருத்துவரும் உண்டு. உலக வங்கியின் உதவியோடு தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் முதலில் எடுத்துக் கொள்ளப்பட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதன் சேவை மையங்களுக்கு 'விழுதுகள்' என்று பெயர். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. வெட்கப்பட்டுக் கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அந்தத் தாய் வாரந்தோறும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார். பிள்ளைக்கு இப்போது எட்டு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆனால் தாகமெடுத்தால், குவளை வரைந்த அட்டையை எடுத்து உம்மாவின் கையில் கொடுக்கிறான். வாப்பா ஊருக்கே வந்துவிட்டார். ஜும்ஆவில் கடைசி ஸஃப்பின் ஓரத்தில், காதடைப்பான் போட்ட பிள்ளையோடு நிற்கிறார். முன்பு அதட்டியவர்தான் இன்று அவர்களுக்கு இடம் விட்டு வைக்கிறார்.

யா அல்லாஹ்! நாங்கள் அறியாமையால் செய்த பிழைகளை மன்னிப்பாயாக! இப்பிள்ளைகளைச் சுமக்கும் தாய் தந்தையரின் முதுகுக்கு வலிமையைத் தருவாயாக! அவர்கள் எங்கள் மஹல்லாவில் தலைநிமிர்ந்து நடக்கும்படி எங்கள் உள்ளங்களை விசாலமாக்குவாயாக! ஆமீன்.