வழிகாட்டுவோர் கடன்

பிறர்க்கு வழிகாட்டுந் தொழிலை மேற்கொண்டார்க்கு ஒரு வினா நாடோறும் எதிர்ப்படும். கேட்போன் விரும்புவதனைக் கூறுவதா, உள்ளதனைக் கூறுவதா என்பதே அது. இரண்டும் ஒன்றாயிருக்கும்போது இடர்ப்பாடில்லை. வேறாகும்போதே ஒருவனுடைய மெய்ம்மை வெளிப்படும். சீனதேசத்துப் பழைய ஆலயமொன்றிலே இவ்வினா எம்மைப் பற்றிக்கொண்ட வகையை ஆசிரியர்களாகிய அன்பர்களுக்கு எடுத்துரைப்பாம்.

பெய்ஜிங் மாநகரின் மேற்பாகத்திலே பையுன்குவான் என்னுந் தாவோ சமய ஆலயம் இருக்கின்றது. வெண்மேக ஆலயம் என்பது அப்பெயரின் பொருள். தாங் வமிசத்துச் சுவான்சொங் அரசன் (712–756) காலத்திலே எழுந்த தாவோ சமய நிலையமொன்று இதற்கு மூலமாகும். இப்பொழுதுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் பிற்காலத்து மிங், சிங் வமிசத்தரசர் காலத்தன. 1957ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்ட சீனத் தாவோ சங்கம் இங்கேயே நிலைகொண்டது.

எம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டி முதற்கண் வாயிலைக் காட்டினார். அதன் கல்வளைவிலே சிறு குரங்கொன்று செதுக்கப்பட்டிருக்கின்றது. அதனைத் தடவுவோர்க்கு நலமுண்டாம் என்பது மக்கள் நம்பிக்கை. எண்ணிறந்த கைகள் பட்டு அக்கல் வழுவழுப்பாய் மின்னுகின்றது. உள்ளே நீரோடாத பாலமொன்றுண்டு. அதன் கீழே பெரிய காசு வடிவமும் அதன் துளையிலே சிறு மணியுந் தொங்கும். காசெறிந்து அம்மணியை ஒலிப்பித்தவர்க்கு நற்பேறு வாய்க்குமென்று சீனப் புத்தாண்டுக் காலத்திலே சனங்கள் நெருங்கி நின்று எறிவர்.

உடன்வந்த முதியவரொருவர், “இக்குரங்கைத் தொட்டால் ஆயுள் நீளுமா?” என்று வினாவினார். வழிகாட்டி, “தொடுவோர் அவ்வாறு சொல்லுகின்றார்கள். நான் அறியேன். ஆயினும் இவ்வினாவுக்கு விடைகூறிய பெரியவரொருவர் உள்ளே அடக்கமாயிருக்கின்றார், வாருங்கள்” என்றார்.

அப்பெரியவர் சியூ சூஜி என்னுந் துறவி (1148–1227). 1219ஆம் ஆண்டிலே செங்கிஸ்கான் இவருக்கு அழைப்பு விடுத்தான். எழுபது வயது கடந்த இவர், சீடர் பதினெண்மரோடு புறப்பட்டு, மங்கோலியப் புல்வெளியையுஞ் சமர்க்கந்து நகரையுங் கடந்து, 1222இலே இந்துகுஷ் மலைப்பக்கத்திலிருந்த பாசறையை அடைந்தார். சாவாமை தரும் மருந்து கொணர்ந்ததுண்டோ என்று கான் கேட்டான். உயிரைப் பேணும் நெறியுண்டு, சாவாமைக்கு மருந்தில்லை என்பதே இவர் அளித்த விடை. சீடராகிய லீ சிசாங் எழுதிய யாத்திரை நூல் இதனைக் கூறுகின்றது.

நகரங்களை நீறாக்கிய ஒருவன் முன்னிலையிலே இவ்வாறு உரைத்தல் எளிதோ? ஒரு குளிகையைக் கொடுத்துப் பொன் பெற்று மீண்டிருக்கலாம். அத்தகைய குளிகைகளை உண்டு தாங் வமிசத்தரசர் சிலர் மாண்டனர் என்று வரலாறு கூறும். கான் வெகுண்டானல்லன், மெய்யுரைத்தமையைப் பாராட்டினான். 1223இலே இவருடைய மரபினர்க்கு வரிவிலக்கும் அளித்தான். பரிசு கிடைத்தமையால் அவர் செய்தது நன்றாயிற்று என்று கொள்ளற்க. சொல்லும்பொழுது பரிசோ தண்டமோ வருவது யாதென்று அவர் அறிந்திலர்.

ஆறுதல் தரும் பொய் கருணையேயன்றோ, முதியவருடைய நம்பிக்கையை ஏன் குலைத்தல் வேண்டும் என்பார் உளர். வழிகாட்டி அதனைக் குலைத்தாரல்லர், எள்ளி நகைத்தாருமல்லர். பிறர் சொல்வதைப் பிறர் சொல்வதாகவே வைத்து, தம்முடைய சான்றினை மாத்திரங் கொடாது நின்றார். துறவியும் இல்லை என்றதனோடு அமையவில்லை. கொலையை ஒழித்தலும் அவாவை அடக்குதலுமாகிய நெறியைக் கானுக்கு எடுத்துக் கூறினார்.

இதனைக் கேட்டபொழுது எமது நெஞ்சு எம்மைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன்னே, பாடசாலைக் கட்டடத்துக்குப் பொருளுதவிய தந்தையொருவர், தம் மைந்தன் பரீட்சையிலே சித்தியெய்துவானா என்று எம்மிடங் கேட்டார். அவன் எய்தான் என்பது எமக்குத் தெரியும். தச்சுவேலையிலே அவனுக்கு நல்ல கைத்திறமுண்டு என்பதுந் தெரியும். தந்தையின் முகம் நோக்கி, எய்துவான் என்றோம். அவன் இருமுறை தவறினான். தன்னை மந்தனென்று நம்பவுங் கற்றுக்கொண்டான். இல்லை என்பதனை அஞ்சி மறைத்தமையால், உண்டு என்பதனையும் உடன்மறைத்தோம். கருணை என்று அன்று எண்ணியது அச்சமேயாம்.

சியூ சூஜியின் மண்டபத்திலே மரக்கணுவைக் குடைந்து செய்த பெருங்கலமொன்று இருக்கின்றது. அதன் கீழே அவருடைய என்புகள் உள்ளன என்பர். மருந்தில்லை என்றவர் அங்கே துயில, ஆயுளும் பேறும் வேண்டுவோர் வெளியே காசெறிகின்றனர். இரண்டற்கும் அவ்வாலயத்திலே இடமுண்டு. ஆயின், வழிகாட்ட முற்பட்டவன் தன் வாயாற் சொல்லத்தக்கது இவ்விரண்டனுள் எது என்பதை நாம் ஒவ்வொருவரும், மாணாக்கனொருவன் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஆராய்வோமாக.