மலையேறும் பாதம்



தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் இருபதின்மர் முக்தி எய்திய தலம் சம்மேத சிகரம். நேமிநாத பகவான் வீடு பெற்றது கிர்நார் மலை. ஆதிபகவன் வீடு பெற்றது கயிலாயம். ஆதலின் மலையேறுதல் நமக்கு ஒரு வழிபாடு. உச்சியை அடைந்தோமா என்பதோடு, எவ்வாறு ஏறினோம் என்பதும் அவ்வழிபாட்டில் அடங்கும்.

நம் கொங்குநாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய அமண முனிவர் உறைவதற்கு, சேரர்குல இளங்கடுங்கோ இளவரசனானபோது, கல்லிலே படுக்கை வெட்டப்பட்டது. சுமார் 1,800 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு இதனை அறிவிக்கிறது. அமண முனிவர்க்கு வாகனமும் இல்லை, காலணியும் இல்லை. அப்பெரியார் வெறுங்காலால் நடந்தே அம்மலையை ஏறியிருப்பார்.

முனிவர் நடைக்கு இலக்கணம், ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈர்யா சமிதி. கதிரவன் ஒளியில், பலர் நடந்து பழகிய வழியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி, எறும்பும் புழுவும் பசும்புல்லும் நலியாவண்ணம் அடிபெயர்த்தலே அது.

சம்மேத சிகர யாத்திரை ஏறுதல், வலம் வருதல், இறங்குதல் என ஏறத்தாழ 27 கிலோமீட்டர். வெயிலுக்கு அஞ்சி, விடியுமுன் இருளிலேயே விரைந்து புறப்படுவோர் பலர். காலடியில் நசுங்கும் உயிரை அவ்விருளில் யார் காண்பார்? முனிவரின் மகாவிரதம் இல்லறத்தார்க்கு விதிக்கப்படவில்லை என்பது உண்மையே. எனினும், வீணே பிற உயிர்க்கு ஊறு செய்யாமையாகிய அநர்த்த தண்ட விரதம் நமக்கும் உரியதன்றோ? கிளையை ஒடிப்பதும், கல்லை உருட்டுவதும், பிளாஸ்டிக் பைகளை வழியில் எறிவதும் யாருக்கும் பயன் தாராத தீங்குகள். நடக்க வல்லவர் ஒளி பரந்தபின் புறப்படலாம். முன்னரே புறப்பட்டாக வேண்டியோர் விளக்கொளியில் நிலம் நோக்கி மெல்ல நடக்கலாம். என்போல் எழுபதைக் கடந்தோர், ஏற இயலாதாயின், அடிவாரமாகிய மதுவனத்தில் அமர்ந்து மனத்தால் வந்திப்பதும் வழிபாடே.

உயிரின் ஏற்றமும் இத்தகையதே. குணஸ்தானம் பதினான்கனுள் பதினோராம் நிலையை எய்திய உயிரும் கீழே வீழ்கிறது. அங்கே மோகம் அடங்கியிருக்கிறதேயன்றி அழிந்துவிடவில்லை. உச்சி அணித்து என்று களிப்போர், அப்போதுதான் அடியைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஆறுநாட்டார் மலைக்கு ஒரு பகற்பொழுதில் சென்று மீளலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். யார் முதலில் ஏறுவது என்று போட்டி வைக்காமல், அடிவைக்கும் இடத்தைப் பார்த்து ஏறப் பழக்குங்கள். முனிவர் படுத்த கல்லின்முன் அவர்கள் நிற்கும்போது, அகிம்சை பாடநூற்சொல்லாக இராது. தம் பாதங்களிலேயே அதனை உணர்ந்திருப்பார்கள்.

ஜினதர்மம் வளர்க!